முதலாளி யார்?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நீதிபதி என்றால் நம்மவர்கள் சற்று ஒதுங்கியே நிற்பார்கள். கறுப்பு அங்கிக்கும் பால் வாளிக்கும் என்ன உறவு என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர், இந்திய உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தும் உழைப்பவனை மறவாதவர். அவர்தாம் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டுப் பக்கத்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்றவர். தலைச்சேரியில் வக்கீலாக இருந்து விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் அவரைச் சிறையில் வைத்தார்கள். 1952-ல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1957-ல் நம்பூதிரிபாட் மந்திரிசபையில் சட்ட மந்திரியானார். 1959-ல் அம்மந்திரிசபை கலைக்கப்பட்டது. 1968-ல் கேரள ஹைகோர்ட்டு நீதிபதி. 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசியல்வாதியை அங்கே அமர்த்தலாமா என்று வக்கீல்கள் சிலர் எதிர்த்தனர். அவருடைய தீர்ப்புகளே அதற்குப் பதில் கூறின.

1975 ஜூன் 24-ந் தேதி, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு அவர்முன் வந்தது. பதவியில் நீடிக்கலாம், ஆனால் பார்லிமெண்டில் ஓட்டுப் போடக்கூடாது என்று உத்தரவிட்டார். கேட்டதை முழுதும் கொடுத்தாரில்லை. மறுநாள் இரவே அங்கு நெருக்கடி நிலை பிறந்தது.

ஏழையை அவர் எப்படிப் பார்த்தார்? 1978-ல் ஒரு கொத்தனாரின் ஜாமீன் வழக்கு. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். ஜாமீன் நிற்க வந்த அண்ணன் தம்பியின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார். கிருஷ்ணய்யர், கொத்தனாரின் சொந்தப் பிணையில் ஆயிரம் ரூபாய்க்கு விடுதலை செய்யச் சொன்னார். 1979-ல், டில்லி திகார் சிறையில் சக கைதி வதைக்கப்படுவதைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்துத் தீர்ப்பளித்தார்.

தோழர்களே, இனிச் சொல்வதை நன்றாய்க் கேளுங்கள். கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. அங்கே 29 தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அந்தத் தொழில் தகராறை மாநில அரசு விசாரணைக்கு அனுப்பியது. "இவர்கள் என் ஆட்களல்லர், கொந்திராக்டரின் ஆட்கள்" என்றார் முதலாளி. எழுத்து மூலமான ஒப்பந்தமும் கையில் இருந்தது.

வழக்கு 1978-ல் கிருஷ்ணய்யர் முன் வந்தது. இடம் யாருடையது? முதலாளியுடையது. கருவிகள்? முதலாளியுடையவை. மூலப்பொருள் தந்தவர்? முதலாளி. முடிந்த கயிற்றை எடுத்து வியாபாரம் செய்தவர்? அவரே. அப்படியானால் முதலாளியும் அவரே. இடையில் நிற்கும் கொந்திராக்டர் வெறும் திரை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதை நம் பால்மரக் காட்டில் வைத்துப் பாருங்கள். பிரட்டுக்கு நிற்கும்போது ஒருவர் பெயர், சம்பளத்துக்கு வேறொருவர் பெயர், விபத்து நேர்ந்தால் யார் பெயரும் இல்லை என்ற நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மரம் யாருடையது, பால் யார் ஸ்டோருக்குப் போகிறது என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

ஒன்றை மறைக்காமல் சொல்வோம். இந்தியத் தீர்ப்பு இந்நாட்டுக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவே. வாதாட ஆதாரம் வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்த நாட்களையும், வேலை ஏவியவர் பெயரையும் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் கிராணி நண்பர்கள் எழுதிக் கொடுங்கள்.

2014 டிசம்பர் 4-ந் தேதி கொச்சியில் கிருஷ்ணய்யர் மறைந்தார். அவரைப் போன்ற நீதிபதி எல்லா நாளும் கிடைக்கமாட்டார். கிடைத்த நாளிலும், அந்த 29 பேரை அவர் தேடிச் செல்லவில்லை. சங்கம்தான் அவர்களுக்காக வழக்கில் நின்றது. ஆகவே, கொந்திராக்டரின் கீழ் வேலை செய்யும் தோழர்களையும் சங்கத்தில் சேருங்கள் என்று கேட்டு அமர்கிறோம்.