பிறர் வினையைக் கணக்கிடலாமோ?



திருவிழாக் காலத்தில் இறைவன் புகழைப் பேசுவதே மரபு. இன்று அப்புகழுக்கு எதிரே வந்து நிற்கும் ஒரு வினாவை எடுத்துக்கொள்ள விழைகின்றேன். அன்பும் சிவமும் வேறல்ல என்பது திருமூலர் கண்ட முடிவு. அங்ஙனமாயின், ஒரு குற்றமும் அறியாத பச்சிளங் குழந்தை துடித்து மடிவது ஏன்? இது நாத்திகர் கேட்கும் வினா என்று ஒதுக்குவோர் உளர். உண்மையில் இதனை மிக உரக்கக் கேட்பவள், நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிடும் தாயே ஆவாள். நம்பாதவனுக்கு முறையிட ஓர் இடமில்லை. நம்புகின்றவளுக்கு இடம் உண்டு. ஆதலால் அவள் கேட்கின்றாள்.

2004ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலை 16ஆம் நாள், கோயில்கள் நிறைந்த கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் அடுப்புத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளை உண்டது. அது மனிதர் செய்த பிழை. கீற்றுக் கூரையின் கீழே குழந்தைகளை அடைத்து வைக்குமாறு எந்தக் கடவுளும் பணிக்கவில்லை. அந்தப் பழியை நாம் இறைவன்மேல் ஏற்றுதல் தகாது.

ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாளை என்ன செய்வது? மார்கழித் திருவாதிரையை ஒட்டி வந்த முழுமதி நாள் அது. காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. ஒன்பது மணியளவில் நாகைக் கரையில் கடல் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓடத் தெரியாத சிறுவர்களை அலை எளிதாகக் கொண்டு சென்றது. அக்கரை யாருடையது? வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டு, ஒன்றே கிடைத்த நாளிலும் அதனையே விட்டுப் பசியோடு இருந்த அதிபத்த நாயனாரின் கரை அன்றோ! அவர் மரபில் வந்த மக்களின் பிள்ளைகளைத்தான் கடல் கொண்டது.

நிலம் பிளந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடைத்தது. எச்சரிக்கும் ஏற்பாடு அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல். ஆகவே இங்கும் நம் பங்கு சிறிது உண்டு. என்றாலும் கடலைப் படைத்தவன் யார் என்று அத்தாய் கேட்டால், இந்தக் கணக்கு அவளுக்கு விடையாகாது.

நம் சித்தாந்தம் யாது கூறுகின்றது? பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கம் இல்லாதன. உயிரை மூடிய ஆணவ இருளை இறைவன் படைக்கவில்லை. அவ்விருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை ஒரு விளக்குப்போல உடலையும் உலகையும் அவன் தருகின்றான். வினையை நுகர்வித்து அதனைத் தேய்க்கின்றான். அருணந்தி சிவாசாரியார் இதற்கு மருத்துவனை உவமை காட்டுவார். ஒரு நோயை அறுத்துத் தீர்ப்பான். மற்றொரு நோயைப் பாலும் மருந்தும் கொடுத்துத் தீர்ப்பான். இரண்டும் அருளே. இஃது ஆழ்ந்த உவமை. நான் இதனை முழுமையாக ஏற்கின்றேன்.

ஆனால் இவ்வுவமையை யார், யாரிடம் சொல்வது? அங்கேதான் நம்மில் பலர் வழுக்கி விழுகின்றோம். பிள்ளையை இழந்தவள் வீட்டு வாயிலில் நின்று, “எல்லாம் முற்பிறவி வினை, அம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகின்றோம். சொன்னவருக்கு மனம் ஆறிவிடுகின்றது. கேட்டவளுக்குப் பிள்ளையை இழந்த துயரோடு பழியும் சேர்கின்றது. சாத்திரம் இதற்கு இடம் தரவில்லை. வினையின் கணக்கை அறிந்து ஊட்டுபவன் முற்றறிவுடைய பதி ஒருவனே என்பது சித்தாந்தம். உயிரோ சிற்றறிவுடையது, தன் வினையையே அறியாதது. அப்படிப்பட்ட உயிர் பிறர் வினையைப் படித்துக் காட்டுகின்றேன் என்று புறப்பட்டால், அது பதியின் இருக்கையில் ஏறி அமர்கின்றது. அதற்கு ஆணவம் என்பதன்றி வேறு பெயரில்லை. வினைக் கொள்கை என் துன்பத்தை நான் தாங்குவதற்கு எனக்குக் கிடைத்த ஊன்றுகோல். அதனை எடுத்துப் பிறரை அடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புக்கொளியூர் அவிநாசியில் செய்ததைப் பாருங்கள். வீதியில் ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதுப் பாலகர் இருவர் சில ஆண்டுகளுக்கு முன் மடுவில் குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு அன்று பூணூற் சடங்கு. சுவாமிகள் வினையை விளக்கிவிட்டு மேலே நடந்திருக்கலாம். விளக்குவதற்கு அவரினும் வல்லவர் யார்? அவர் நின்றார், அழுகை ஏன் என்று கேட்டார். பிள்ளையை இழந்தோர் தம் துயரை மறைத்து, மலர்ந்த முகத்தோடு வந்து அவரை வணங்கினர். அம்மலர்ச்சியே அவர் நெஞ்சை உருக்கிற்று. மடுக்கரைக்குச் சென்று இறைவனிடம் பிள்ளையைக் கேட்டார். முதலை பிள்ளையைக் கொணர்ந்து கரையில் விட்டது. தம் கண்ணொளி மறைந்தபோதும் இறைவனோடு வழக்காடியவர் அவர். அவ்வழக்குகள் ஏழாம் திருமுறையில் பாடல்களாகவே நிற்கின்றன. இறைவனிடம் கோபித்துக் கேட்பது பக்திக்குப் புறம்பாயின், அவற்றை நம் முன்னோர் திருமுறையில் சேர்த்திரார்.

“அந்தப் பிள்ளை வந்தான், என் பிள்ளை வரவில்லையே” என்று நாகையின் தாய் கேட்பாள். கேட்கட்டும். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு தத்துவமும் இல்லை. பெரிய புராணத்திலேயே அவளுக்கு ஒரு துணை உண்டு. அவ்வம்மையாரை மட்டும் காட்டுவேன்.

திருவாமூரில் புகழனார், மாதினியார் ஆகியோரின் மகளாகப் பிறந்தவர் திலகவதியார். சேனைத் தலைவர் கலிப்பகையாருக்கு மணம் பேசினர். அவர் போருக்குச் சென்றார். தந்தையார் இறந்தார்; தாயாரும் உடன் சென்றார். துயர் ஆறுமுன், கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. இளமகள் செய்த குற்றம் யாது? சேக்கிழார் ஒரு குற்றமும் சுட்டவில்லை. இறந்த வீரருக்கே தம் உயிர் உரியதென்று உயிர்விடத் துணிந்தார் அம்மையார். தம்பி மருணீக்கியார் அடியில் விழுந்து அழுதார். அத்தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார். இழந்த ஒருவரும் அவருக்குத் திரும்பி வரவில்லை. எந்த முதலையும் எவரையும் கொணர்ந்து விடவில்லை.

தம்பியும் பின்னர் வேறு சமயம் புகுந்தார். அம்மையார் திருவதிகையில் கோயிலைத் துப்புரவு செய்து, மெழுகி, மலர் பறித்து வாழ்ந்தார். தம்பியை மீட்டுத் தருமாறு இறைவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆலமுண்ட பெருமான் அந்நஞ்சைக் கண்டத்திலேயே வைத்திருப்பதுபோல, அவரும் தம் துயரை உள்ளேயே தாங்கியிருந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒருநாள் இரவு, சூலை நோயால் குடல் முறுக்குண்டு, தம்பியார் அம்மையாரின் மடத்து வாயிலுக்கு வந்து வீழ்ந்தார். நெடுநாள் பிரிந்து போனவர், சமயம் மாறியவர். கண்டித்துச் சொல்ல அம்மையாரிடம் எவ்வளவோ இருந்திருக்கும். ‘இது உன் வினை’ என்று அவர் சொல்லவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றை அளித்தார். பிறகு திருவலகையும் மெழுகுதற்குரிய சாணத்தையும் நீர்த் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, விடியுமுன்னே தம்பியாரை அழைத்துக்கொண்டு வீரட்டானத் திருக்கோயிலுக்கு நடந்தார்.

திருச்சிற்றம்பலம்