பிழையுரைக்கும் மொழி



நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் பாயிரம் தொகுத்துரைக்கிறது. அவ்விலக்கணம் கணிப்பொறித் திரைக்கும் பொருந்தும். இயங்குதளம் தடுமாறும்போது தோன்றும் பிழைச்செய்தியும் எழுதப்பட்ட உரையே. அதற்கும் ஆசிரியர் உண்டு. கலங்கிய நெஞ்சோடு படிக்கும் வாசகரும் உண்டு.

யூனிக்ஸ் தளத்திற்கெனக் கென் தாம்சன் படைத்த 'எட்' என்னும் பதிப்பி, எப்பிழை நேரினும் ஒற்றை வினாக்குறியையே காட்டியது. இது குன்றக் கூறல். வல்லுநர்க்கு அது போதும். புதியவர்க்கோ அது அடைத்த கதவு.

1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் டாஸ் இயங்குதளம், வட்டினைப் படிக்க இயலாதபோது, 'கைவிடவா, மீண்டும் முயலவா, புறக்கணிக்கவா?' என வினவியது. எதைத் தெரிந்தால் எது விளையும் என்று சொல்லவில்லை. இது மயங்க வைத்தல்.

விண்டோஸ் 95, 'இந்நிரல் சட்டவிரோதச் செயல் புரிந்தது. மூடப்படும்' என்று அறிவித்தது. பொறியியலார் வழக்கில் அது விதிக்குப் புறம்பான கட்டளையையே குறித்தது. பொதுமக்கள் செவியிலோ குற்றச்சாட்டாக ஒலித்தது. தவறியது நிரல், அஞ்சியவர் அதன்முன் அமர்ந்திருந்தவர். இது வழூஉச்சொற் புணர்த்தல். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அச்சொல்லை விலக்கி, சிக்கல் நேர்ந்தது என்றும், இடையூற்றுக்கு வருந்துவதாகவும் கூறியது. ஒரு சொல் மாறியதும் பழியின் நிழல் அகன்றது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1990களில் பீ.ஓ.எஸ். இயங்குதளத்தோடு வந்த நெட்பாசிட்டிவ் உலாவி, தேடிய பக்கம் கிட்டாதபோது ஹைக்கூக் கவிதைகளைக் காட்டியது. அத்தளத்தை மீண்டும் உருவாக்க 2001இல் தொடங்கிய குழு, 2004இல் 'ஹைக்கூ' என்னும் பெயரையே சூடிக்கொண்டது. கவிதைக்குக் கிடைத்த பெருமை இது. ஆயினும், இழந்தவர்க்கு அடுத்துச் செய்யவேண்டியதைச் சொல்லாத கவிதை, அவ்விடத்தில், 'நின்றுபயனின்மை' என்னும் பத்தாம் குற்றத்திற்கு ஆளாகும். அழகு ஆறுதல் தரலாம்; வழி காட்டுவதே செய்தியின் கடன்.

நேர்ந்தது என்ன, ஏன் நேர்ந்தது, இனிச் செய்வது என்ன என்னும் மூன்றையும் எளிய சொல்லில் உரைப்பதே நல்ல பிழைச்செய்தி. இரவெல்லாம் தட்டெழுதியதை நொடியில் இழந்தவர் தம்மையே நொந்துகொள்ளும் வேளை அது. அப்போது படிக்கும் நான்கு சொற்கள், நூறு பக்க விளக்கநூலினும் ஆழமாகப் பதியும்.

இயங்குதளங்கள் தமிழிலும் பேசத் தொடங்கிவிட்டன. அவற்றின் பிழைச்செய்திகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பிறமொழியின் வழுவும் உடன் வந்து சேரும். சொல்லின் எடையறிந்த கவிஞர்கள் அப்பணியில் கைகொடுத்தல் வேண்டும். அங்கே பெயர் பொறிக்கப்படாது. ஆயினும் கலங்கிய ஒருவர்க்குத் தெளிவு பிறக்கும்.