'கிளாஸ்' என்னும் சொல்

 

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச முற்படுகிறோம். நம் பிள்ளைகளின் நாவில் நாளும் வழங்கும் 'கிளாஸ்' என்பதே அச்சொல். தேநீர் அருந்தும் கண்ணாடிக் குவளையையும் நாம் 'கிளாஸ்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை இரு வேறு சொற்கள். முதலொலி வல்லோசையா மெல்லோசையா என்பதே வேறுபாடு. குவளையைப் பின்னர்க் காண்போம்.

இச்சொல்லின் மூலம் 'கிளாசிஸ்' என்னும் இலத்தீன் சொல். பண்டைய உரோம் நாட்டு மன்னன் செர்வியுசு துல்லியுசு, குடிமக்களைச் சொத்தின் அளவுப்படி ஐந்து பிரிவுகளாக வகுத்தான் என்பது மரபுவழிச் செய்தி. படைப்பணியும் வாக்கும் அப்பிரிவின்படியே அமைந்தன. சொத்தற்ற ஏழைகள் ஐந்திலும் சேராமல், வெறுந் தலைக்கணக்கில் வைக்கப்பட்டனர். முதற்பிரிவினனைக் குறித்த சொல்லே பின்னர் உயர்ந்த எழுத்தாளனைக் குறித்து, இன்றைய 'கிளாசிக்' ஆயிற்று. ஆகவே பிறந்த நாளிலேயே இச்சொல் மேல் கீழ் என்னும் அளவுகோலைக் கையில் ஏந்தியே பிறந்தது.

பள்ளியில் இது பாடம் நடக்கும் வேளையையும், உடன் பயிலும் மாணவர் கூட்டத்தையும் குறிக்கும். தேர்வில் தகுதியைக் குறிக்கும். உயிரியலில் பாலூட்டிகள் ஒரு 'கிளாஸ்', பறவைகள் ஒரு 'கிளாஸ்'. அதனின்று பிறந்த 'கிளாசிஃபைடு' என்னும் சொல் நாளிதழில் சிறு விளம்பரம். அரசுக் கோப்பிலோ பிறர் காணலாகாத மறைபொருள்! ஒருவரிடம் 'கிளாஸ்' இருக்கிறது என்றால் நடையுடையில் நயம் இருக்கிறதென்று பொருள். இடமறிந்தே பொருள் கொள்ள வேண்டும்.

புகைவண்டியில் இச்சொல் பணத்தின் அளவு. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் வகுப்பு ஏழைப் பயணிகட்கு மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் கூரையுள்ள பெட்டி தரவேண்டும் எனப் பணித்தது. இந்தியாவில் மூன்றாம் வகுப்பு 1974-இல் நீக்கப்பட்டது. ஆனால் 1893-இல் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகளை நிறத்தின் பெயரால் வண்டியினின்று இறக்கிவிட்டனர். சீட்டு வாங்கப் பணம் போதும். அமர்வதற்குப் பிறப்பும் வேண்டும் என்றனர்.

இங்கேதான் நம் வாழ்வைத் தொடும் பொருள் வருகிறது. சமுதாயத்தில் 'கிளாஸ்' என்பது வர்க்கம். ஏழை செல்வனானால் வர்க்கம் மாறலாம், சாதியோ மாறாது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர், ஒரு வர்க்கம் தன் கதவை அடைத்துக்கொள்ளும்போது சாதியாகிறது என விளக்கினார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு சொல்லின் உட்பொருளை ஆராய்ந்தே அவர் ஒரு பெருங்கொடுமையின் வேரைத் தொட்டார்.

ஆங்கில ஆட்சியினர் நம்மை 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்றனர்; 1935-ஆம் ஆண்டுச் சட்டம் 'பட்டியல் சாதியினர்' என்றது. 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம், சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய 'கிளாஸ்' மக்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுத்தது. அதில் வரும் 'கிளாஸ்' சாதியா, வறுமையா என்று நீதிமன்றங்களில் பல்லாண்டு வாதம் நடந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம், ஒரு சாதி சமூக வகுப்பாகவும் இருக்கக்கூடும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளை ஒட்டி எத்தனை பிள்ளைகளின் கல்லூரி இடங்கள் நின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

தமிழிலும் 'வகுப்பு' என்னும் சொல் இப்படியே. பள்ளி வகுப்பும் அதுவே, சமூக வகுப்பும் அதுவே. வகுத்தல் என்பதே வேர்.

இனிக் குவளைக்கு வருவோம். தேநீர்க் கடைகளில் நம்மவர்க்கெனத் தனிக்குவளை வைத்த ஊர்கள் பல. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தும், அவ்வழக்கத்தைப் பற்றிய புகார்கள் இன்றும் எழுகின்றன. காசு ஒன்று, தேநீர் ஒன்று, குவளை மட்டும் இரண்டு. எழுத்தில் ஒன்றாய்த் தோன்றும் அவ்விரு சொற்களும் அக்கடையில் உண்மையிலேயே ஒன்றாகிவிடுகின்றன.

மாணவச் செல்வங்களே! அகராதியைக் கையில் எடுங்கள். அரசாணை, சட்டம், விண்ணப்பம் எதுவாயினும், இச்சொல் இங்கு எப்பொருளில் வந்தது எனக் கேளுங்கள். பொருள் தெரியாதவனுக்காகப் பிறரே பொருள் சொல்வர். அது அவர்கட்கு உகந்த பொருளாகவே இருக்கும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவு ஊட்டியது அந்நிலை மாறவே. முதல் 'கிளாஸில்' தேறுங்கள்; ஆனால் எவரையும் கீழான 'கிளாஸ்' எனக் கருதாதீர்கள்.