துருத்தியும் தந்தியும்

இசைக்கருவிகளுக்குள்ளும் உறவு உண்டு, பகையும் உண்டு. வீணைக்குப் பக்கத்தில் தவிலை வைத்து வாசிப்பது அரிது. வலிய ஓசை மெலிய ஓசையை விழுங்கிவிடும் என்பதைக் காது படைத்த அனைவரும் அறிவோம். இவ்வாறிருக்க, அக்கார்டியனும் கிதாரும் தம்முள் இணைந்து ஒரு நகரத்தின் குரலாகவே ஆன கதை ஒன்று உண்டு. அந்நகரம் பாரிஸ். அக்கதையைச் சிறிது நேரம் நினைத்துப் பார்ப்போம்.

முதலில் இவ்விரு கருவிகளின் இயல்பைக் காண்போம். அக்கார்டியனுக்கு வியன்னா நகரில் 1829ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சிரில் டெமியன். நம் வீடுகளில் உள்ள ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் துருத்தியின் காற்றுத்தான் உலோக ரீடுகளை அதிரச் செய்கிறது. துருத்தி அசையும் வரை சுரம் நிற்கும்; வளரும்; தேயும். கிதாரின் தன்மையோ இதற்கு நேர்மாறானது. அதில் சுரம் மீட்டிய கணத்தில் பிறந்து, பிறந்தவுடன் மங்கத் தொடங்குகிறது. ஆயினும் அந்தப் பிறப்பில் ஒரு கூர்மை உண்டு. தாளத்தின் விளிம்பை அது துலக்கமாகக் காட்டும். ஒன்றில் நீட்சி உண்டு, கூர்மை குறைவு. மற்றொன்றில் கூர்மை உண்டு, நீட்சி இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பக்கூடும். ஆனால் வலியது விட்டுக்கொடுத்தால்தான் அது கைகூடும்.

பாரிசில் பஸ்தீல் சதுக்கத்தை அடுத்து லாப் வீதி என்றொரு குறுகலான தெரு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவெர்ன் என்னும் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள் அப்பகுதியில் குடியேறினர். தண்ணீர் சுமந்தனர், விறகும் கரியும் விற்றனர், சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து மதுக்கடைகள் வைத்தனர். வார இறுதியில் அக்கடைகளில் நடனம் நிகழும். அதற்கு வாசித்த கருவி காப்ரெட் எனப்படும் தோல்துருத்திக் குழல். நம் பழைய சதிர்க் கச்சேரிகளில் சுருதிக்கு ஊதப்பட்ட துத்தியை இதற்கு ஒருவகை உறவு எனலாம். காப்ரெட் வாசிப்பவர் கணுக்காலில் சலங்கை கட்டித் தாமே தாளமும் இட்டுக்கொள்வார்.

அதே நகருக்கு இத்தாலியர்களும் பிழைக்க வந்தனர். அவர்களோடு அக்கார்டியனும் வந்தது. ஓவெர்ன் மக்களுக்கு இது பிடிக்கவில்லை. அயலாரின் பெட்டி நம் குழலை அழிக்க வந்தது என்று மனம் கசந்தனர். அக்கசப்புக்கு நடுவில், பூஸ்கட்டெல் என்னும் புகழ்பெற்ற காப்ரெட் கலைஞர், சார்ல் பெகுரி என்னும் இத்தாலியக் குடும்பத்து இளைஞரைத் தம் நடனக்கூடத்தில் அக்கார்டியன் வாசிக்க அனுமதித்தார். பின்னர்ப் பெகுரி அவருடைய மகளையே மணந்தார். இசையில் தொடங்கிய சம்பந்தம் குடும்பத்தில் முடிந்தது.

ஆனால் நாம் ஒன்றை மறைக்கலாகாது. காலப்போக்கில் அந்தக் கூடங்களிலிருந்து காப்ரெட் விலகத்தான் நேர்ந்தது. புதிய நடனங்களின் மெட்டுகள் கேட்ட சுரங்களையெல்லாம் அக்கார்டியன் கொடுத்தது. பழைய குழலால் இயலவில்லை. எஞ்சியது பெயர் ஒன்றே. 'முசெத்' என்பது துருத்திக்குழல் வகையின் பெயர். குழல் போன பின்னும் கூடத்திற்கும் இசைக்கும் அப்பெயரே நிலைத்தது. அக்கார்டியனின் ஒருவகைச் சுருதியமைப்பும் அப்பெயரையே பெற்றது. அதில் ஒரே சுரத்துக்கு இரண்டு அல்லது மூன்று ரீடுகளை வைத்து, அவற்றுள் ஒன்றை மயிரிழையளவு ஏற்றிவைப்பர். ஒரு ரீடு வினாடிக்கு 440 முறையும் மற்றொன்று 444 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு நான்கு அலைகளாக ஒலி நடுங்கும். கேட்பவர் நெஞ்சை உருக்கும் நடுக்கம் அது.

இனிக் கிதாரின் வருகையைப் பார்ப்போம். அதைக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் நாடோடி வண்டிகளில் வாழ்ந்த ரோமா இனத்தவர். கூச்சல் மிகுந்த கூடத்தில் கிதாரின் மெல்லொலி எடுபடாது. ஆகவே முதலில் பாஞ்சோவை ஏந்தியே அக்கார்டியனுக்குப் பக்கவாத்தியம் வாசித்தனர். அவர்களுள் ஒரு சிறுவன் ஜாங்கோ ரைன்ஹார்ட். அவன் 1928இல் அக்கார்டியன் கலைஞர் ஒருவருடன் வாசித்த முதல் இசைத்தட்டுகளில் 'ஜியாங்கோ ரெனார்' என்று பெயரைப் பிழையாக அச்சிட்டனர். பக்கவாத்தியக்காரனின் பெயரை யார் கவனிக்கப் போகிறார்கள்! அதே ஆண்டில் அவன் வசித்த வண்டி தீப்பற்றியது. இடக்கையின் இரண்டு விரல்கள் கருகி முடங்கின. படுக்கையில் கிடந்த நாள்களில் கிதாரைக் கையிலெடுத்து, எஞ்சிய விரல்களுக்கு ஏற்ப ஒரு புதிய வாசிப்பு முறையையே வகுத்தான். 1934இல் தொடங்கிய தந்திக் கருவிக் குழுவின் வழியாக உலகமே அவரை அறிந்தது. அவர் வாசிப்பின் வீச்சு அக்கார்டியன் கலைஞர்களையும் தொட்டது. கஸ் விஸ்யூர் போன்றோர் முசெத் மெட்டுகளில் ஜாஸ் இசையின் துள்ளலைப் புகுத்தினர். 1960இல் ஜோ பிரிவா என்னும் அக்கார்டியன் கலைஞர், மத்லோ பெரே என்னும் ரோமா கிதார் கலைஞருடன் வெளியிட்ட இசைத்தட்டு இந்த உறவுக்கு ஒரு நல்ல சான்று.

இனி, இவ்விருவரும் எவ்வாறு சேர்ந்து வாசிக்கின்றனர் என்பதைக் கவனிப்போம். வால்ஸ் என்பது மூன்றடித் தாளம். நம் திஸ்ர நடையை ஒத்தது. கிதார் வாசிப்பவர் முதல் அடியில் கீழ்ச்சுரம் ஒன்றையும், அடுத்த இரண்டு அடிகளில் சுரக்கூட்டங்களையும் மீட்டுவார். ஆனால் அக்கார்டியனின் இடக்கைப் பொத்தான்களும் இதே வேலைக்கென்றே அமைந்தவை. இரண்டும் ஒருங்கே ஒலித்தால் ஓசை கலங்கும்; கிதார் அமிழ்ந்துபோகும். ஆகவே தேர்ந்த அக்கார்டியன் கலைஞர், துணைக்குக் கிதார் இருக்கும்பொழுது தம் இடக்கையைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறார். பாதிக் கருவியை மௌனமாக்கி, அந்த இடத்தைத் தோழருக்கு அளிக்கிறார். அவர் வாசிப்பது போலவே வாசியாது விடுவதும் கலைதான்.

நம் நாட்டிலும் இதை ஒத்த ஒரு வழக்கு நடந்ததுண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்திற்கு நம் வானொலியிலேயே 1940 முதல் 1971 வரை இடம் மறுக்கப்பட்டிருந்தது. அதன் ரீடுகளில் நம் கமகங்கள் அடங்கா என்ற வாதம் பொருளற்றதன்று. ஆயினும் நாடகக் கொட்டகையிலும் பஜனைக் கூடத்திலும் மக்கள் அதனைக் கைவிடவில்லை.

புதிய கருவி ஒன்று வாயிலில் வந்து நிற்கும்பொழுது, அது அயலது என்பதற்காகவே கதவை அடைப்பதும் தகாது. அது புதியது என்பதற்காகவே பழையதை வெளியே தள்ளுவதும் தகாது. லாப் வீதி முதல் தவற்றிலிருந்து தப்பியது. இரண்டாவதிலிருந்து முழுமையும் தப்பவில்லை. பூஸ்கட்டெலின் குழலுக்கும் அந்தக் கூடத்தின் மூலையில் ஓர் இடம் எஞ்சியிருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. வலியவன் ஒரு கையை அடக்கிக்கொண்டால் மெலியவனின் குரலும் சபையேறும். அக்கார்டியனும் கிதாரும் நமக்குச் சொல்வது இதுவே.