ஒரு வழங்கி போதுமா?

மதுரையின் பெயர் தாங்கிய நூலகம் ஒன்று உலகத் தமிழர் இல்லந்தோறும் திறந்து கிடக்கின்றது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்சுனனும் தொடங்கிய மதுரைத் திட்டமே அது. பன்னாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது தட்டெழுதிப் பிழை திருத்திய நூல்கள் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவன் கைப்பேசியிலேயே தொல்காப்பியம் படிக்கலாம்.

அந்நூல்கள் எங்கே இருக்கின்றன? வழங்கி என்னும் கணினியில். சிலர் இதனைச் 'சேவையகம்' என்பர்; வழங்குவது வழங்கி, அதுவே போதும். ஆனால் ஒரே வழங்கியை நம்பலாமா? 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. இணையத்திலும் ஒரு வட்டு பழுதுற்றால் அதே கதைதான்.

எனவே வழங்கிகளைப் பெருக்க வேண்டும். ஐ.எசு.பி. கான்பிக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள், ஒரே ஆளுகைப் பலகத்திலிருந்து பல வழங்கிகளை நடத்த உதவுகின்றன. தலைமை வழங்கியில் பலகமும் முதன்மைத் தரவுத்தளமும் இருக்கும். புதியதைச் சேர்க்குமுன், எல்லா வழங்கிகளின் பெயரும் முகவரியும் ஒவ்வொன்றிலும் எழுதப்பட வேண்டும். தலைமைத் தரவுத்தளத்துள் நுழையப் புதியதற்கு இசைவு தரவேண்டும். மென்பொருட் பதிப்பும் ஒன்றாக இருத்தல் நன்று. பின்னர், நிறுவும்போதே 'இருக்கும் தொகுதியில் சேர்' எனப் பணித்து, வலைத்தளமா, அஞ்சலா, தரவுத்தளமா என அதன் பணியைக் குறிக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம். தலைமை எவரையும் தேடிச் சென்று ஏவுவதில்லை. ஒவ்வொரு வழங்கியும் மணித்துளிக்கு ஒருமுறை தானே வந்து தன் வேலையைக் கேட்டுப் பெறுகின்றது. இசைவு தராது விட்டால், கால் வெட்டாத கண்மாய் போலப் புது வழங்கி வறண்டே கிடக்கும். பிழை தேடுவோர் பலரும் இவ்விடத்தைத்தான் கடைசியில் பார்க்கின்றனர்!

ஒன்றை மற்றொன்றின் படிமமாக அமைத்தால் எல்லாம் படியெடுக்கப்படும் என்று நம்பி ஏமாறுவோர் உளர். பலகம் அமைப்புக் குறிப்புகளை மட்டுமே ஒன்றாக்கும். நூற்கோப்புகளைப் படியெடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அப்போதும், ஒரு வழங்கியில் தவறி அழித்த நூல் மற்றதிலும் அழிந்துபோகும். ஆதலின் இவற்றோடு இணையாத மற்றோர் ஊரிலே ஒரு படி வைக்கப்பட வேண்டும். மாதம் ஒரு முறையேனும் அதிலிருந்து ஒரு நூலை மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பழைய எழுத்துக் குறியீட்டில் கிடந்த கோப்புகள் புதுக் கணினியில் வெறுங் கட்டங்களாய்த் தோன்றுவதுண்டு.