புகைக்குழாய் சரியாக இருந்தால்தான் புகையில்லா அடுப்பு

(சேத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-இல் உஜ்வலா திட்டம் வந்தது. ஆனாலும் நம் வீடுகளில் விறகு அடுப்பு அணையவில்லை. வெந்நீர் போட, நெல் அவிக்க, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறு பொங்க அதைத்தான் மூட்டுகிறோம். அதனால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

வீட்டுக்குள் அடைகிற புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுப்புக்கு முன்னால் உட்காருவது நாம். நம் மடியில் இருப்பது குழந்தை. இதற்காகத்தான் மத்திய அரசு 1983-இல் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கியது. 2002-க்குள் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போட்டார்கள். பிறகு பல அடுப்புகள் வீணாய்ப் போயின. குழாய் உடைந்தது, அடைத்தது, யாரும் சுத்தம் செய்யவில்லை. அடுப்பு நன்றாயிருந்தும் குழாய் கெட்டால் புகை நம் முகத்துக்குத்தான் திரும்பும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈர விறகு எரித்தால் புகைக்கரி பிசின் மாதிரி குழாய்க்குள் ஒட்டும். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். சீமைக்கருவேல் விறகானாலும் வெட்டிப் பிளந்து நன்றாகக் காய வைத்துத்தான் எரிக்கணும்.

பழைய குழாயை மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே கை வைக்கணும். பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரவழைக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள்.

2. சுட்ட மண் குழாய் அல்லது இரும்புக் குழாய் வாங்குங்கள். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. பெரும்பாலும் 4 அங்குலம் போதும். ஆனால் அடுப்பின் புகைவாசலைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது.

3. பழைய வீட்டில் செங்கல் புகைக்கூண்டு இருந்தால், குழாயைக் கூண்டின் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அகலமான கூண்டுக்குள் புகை குளிர்ந்து மெதுவாகும், கரி படியும், விரிசல் வழியாக வீட்டுக்குள் இறங்கும். கூண்டுக்குள்ளேயே குழாயை உச்சி வரை கொண்டு போகணும். முதலில் கூண்டில் உள்ள கரியையும் குருவிக்கூட்டையும் எடுத்துவிடுங்கள்.

4. மேல் குழாயின் முனை கீழ்க் குழாயின் வாய்க்குள் இறங்கணும். அப்போதுதான் பிசின் வெளியே வழியாது. மூட்டுகளைக் களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசுங்கள். அடியில் கரி வழிக்க ஒரு சிறு வாசலும் மூடியும் வையுங்கள்.

5. ஓலைக்கூரை வழியாகக் குழாயை விடவே வேண்டாம். அடுப்படிக்கு மேல் மட்டுமாவது தகரமோ ஓடோ போட்ட பிறகு வையுங்கள். ஓலை, மரச்சட்டம் எதுவும் குழாய்க்கு ஒன்றரை அடிக்குள் இருக்கக் கூடாது. ஓட்டுச் சட்டம் பக்கத்தில் வந்தால் கொத்தனாரிடம் சொல்லி இடம் மாற்றுங்கள்.

6. கூரைக்கு மேலே குறைந்தது 3 அடி குழாய் நிற்கணும். பத்தடிக்குள் உள்ள முகடு, சுவரைவிட 2 அடி உயரமாக இருக்கணும். இல்லையென்றால் மலைக்காற்று அடிக்கும்போது புகை உள்ளே திரும்பும். மழைநீர் இறங்காமல் தொப்பி போடுங்கள்.

பூச்சு காய்ந்த பிறகு கொஞ்சம் வைக்கோல் கொளுத்திப் பாருங்கள். மூட்டில் புகை கசிந்தால் மறுபடி பூசணும். குழாய் போட்டாலும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அடுப்பு எரியும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 108-க்கு அழையுங்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவும் அந்தப் புகையில் இருக்கிறது.

குழாய்க்குள் தீப்பிடித்து 'கும்' என்று சத்தம் வந்தால், சூடான குழாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். அடுப்பில் மண்ணைப் போட்டு, வாயைத் தகரத்தால் மூடி, பிள்ளைகளோடு வெளியேறி 101-க்குச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை, அடுப்பு மூட்டும் முன் காலையில், நீளக் கம்பில் சாக்குத்துணி சுற்றிக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே பிடித்துக்கொள்ளணும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் தன் உறுப்பினர் வீட்டு அடுப்புகளைப் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். குழாய் மாற்றப் பணம் இல்லாதவருக்குச் சங்கத்தின் உள்கடனில் முதலிடம் கொடுங்கள். மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் கடன் கொடுக்கிறோமே, நம் மூச்சுக்கும் கொடுக்கலாம்.