அணைத்த பின்னும் உறங்காத மின்சாரம்



பழவேற்காட்டு ஏரிநீர் சூழ அமைந்த மீனவர் சிற்றூர் பசியாவரம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பழைய வால்வு ஒலிபரப்பி ஒன்றையும் சிறு ஜெனரேட்டர் ஒன்றையும் படகிலேற்றிக்கொண்டு அங்குச் சென்றேன். அமெச்சூர் வானொலி நடத்துவதற்குரிய அரசாங்க உரிமம் என்னிடம் இருந்தது, அனுபவந்தான் போதவில்லை.

பேசிக்கொண்டிருக்கையில் ஒலி தடுமாறியது. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து உள்ளே கைவைத்தேன். மறுகணம் யாரோ அடித்து வீழ்த்தியதுபோல் பின்னால் சாய்ந்தேன். அருகில் விளக்கேந்தி நின்ற சிறுவன், “ஐயா, நான் பிடிக்கட்டுமா?” என்று தன் கையையும் நீட்டினான். அவனைத் தடுத்த அந்த நொடியை இன்றும் நான் மறக்கவில்லை.

மின்சாரம் நின்றபின் அதிர்ச்சி எங்கிருந்து வந்தது? ஆரணியாற்றின் வரத்து நின்ற பின்னும் ஏரியில் நீர் தேங்கி நிற்பதில்லையா? அதுபோல, மின்தேக்கியில் 600 வோல்ட் தேங்கி நின்றது.

ஊர் திரும்பியதும், அந்த 16 மைக்ரோபாரட் மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு லட்சம் ஓம் மின்தடை ஒன்றை இணைத்தேன். இவ்விரண்டின் பெருக்கம் 1.6 விநாடி. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 8 விநாடி கழிந்தால், எஞ்சுவது ஏறத்தாழ 4 வோல்ட்டே. அத்தடையில் 3.6 வாட் வெப்பம் பிறக்குமாதலால் 10 வாட் தாங்கும் தடையைத் தேர்ந்தேன். தடையே ஒருநாள் அறுந்துபோகலாம். ஆகவே காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியால் மின்தேக்கியைத் தரையுடன் இணைத்த பின்னரே இன்றும் பெட்டிக்குள் கைவைக்கிறேன்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுமை நீங்கும்போது மின்னழுத்தம் தாவி எழுவதை அதே தடை ஓரளவு அடக்குகிறது. அலைவெண்ணைப் பிறப்பிக்கும் பகுதிக்குத் தனியே நிலைப்படுத்திய மின்னழுத்தம் கொடுத்தேன். வழுக்கிச் சென்ற ஒலி நிலைத்து நின்றது. உப்புக்காற்று வான்கம்பியின் இணைப்புகளை அரிக்காதபடி அவற்றை நீர்புகாத நாடாவால் இறுகச் சுற்றினேன். பாதுகாப்பும் நிலைப்பும் இருவேறு வேலைகள் அல்ல என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இவை வெறும் பொழுதுபோக்கிற்கோ எனலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் அமெச்சூர் வானொலிக் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் செயலிழந்த வேளையில், தீவு மக்களின் நலச்செய்திகளை அக்குழுவினரின் கருவிகள் வெளியுலகிற்குச் சுமந்து சென்றன. அத்தகைய நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்று கருவியைத் திருத்திக்கொண்டிருக்க நேரம் இராது.

மாணவர்களே, முறைப்படி தேர்வெழுதி உரிமம் பெறுங்கள். பிறர் துயரில் உங்கள் குரல் தடுமாறாமல் ஒலிக்க வேண்டுமானால், முதலில் உங்கள் கருவி உங்களையும், அருகில் விளக்கேந்தி நிற்பவரையும் காக்கட்டும்.